பிறர் செய்த மின்கலப் பிடி

கலியாண வீடு, பூப்புனித நீராட்டு விழா, தேர்த் திருவிழா, கல்லூரிப் பரிசளிப்பு விழா என்னும் இவற்றுள் ஒன்றேனும் ஒளிப்படமின்றி நிறைவெய்துவது இன்று யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை. ஒளிப்படம் நமக்கு வெறும் அலங்காரப் பொருளுமன்று. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் கைக்கெட்டியதை மாத்திரம் எடுத்துக்கொண்டு தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, சுவரிலே தொங்கிய தாய் தந்தையர் படங்களும் அலுமாரியிலிருந்த கலியாண அல்பங்களும் பின்னே தங்கின. திரும்பி வந்தோரிற் பலர் அவற்றைக் காணவில்லை. இன்றோ, வெளிநாட்டிலுள்ள கணவனிடம் மனைவி போய்ச் சேர்வதற்கான விண்ணப்பத்தோடு கலியாணப் படங்களுஞ் சான்றாக இணைக்கப்படுகின்றன. ஆதலின், தாலி கட்டும் நேரத்திலே படப்பிடிப்பாளரின் கமெரா கண்மூடிக்கொண்டால், அவ்விழப்பை இன்னொரு நாளிற் சரிசெய்தல் இயலாது.

இத்தொழிலை மேற்கொண்டுள்ள இளைஞர் பலர் கமெராவின் அடியிலே ஒரு துணையுறுப்பைப் பூட்டியிருத்தலை வாசகர் கண்டிருப்பர். கடைக்காரர் அதனைப் 'பற்றரி கிறிப்' என்பர். நாம் மின்கலப் பிடி என்போம். வாட்பிடி, அரிவாட்பிடி, குடைப்பிடி என வழங்குஞ் சொல்லே இதற்கும் பொருந்தும். ஆயின், ஏனைய பிடிகள் பிடிப்பதற்கு மாத்திரமே உரியன; இப்பிடியோ கமெராவுக்கு வேண்டிய உணவையும் தன் வயிற்றிலே வைத்திருப்பது. இதனைக் கமெராவைச் செய்த கொம்பனியிடமும் வாங்கலாம். அக்கொம்பனியோடு தொடர்பில்லாத பிறர் செய்ததையும் வாங்கலாம். பின்னையது மூன்றாந் தரப்புப் பொருள் எனப்படும். மைக்கி, நீவர், பிக்சல் முதலிய பெயர்களோடு சீனத்திலிருந்து வருவன இவ்வகையின. ஒரே உருவுடைய பொருள் பல பெயர்களில் விலைப்படுவதுமுண்டு. தாய்க்கொம்பனிப் பிடியின் விலையில் மூன்றிலொன்றுக்கும் நான்கிலொன்றுக்கும் இவை கிடைக்கின்றமையின், வாங்கலாமா வேண்டாமா என்னும் வினா எழுகின்றது. கல்லூரியின் ஒளிப்பட மாணவர்க்குப் பொறுப்பாயுள்ள தமிழாசிரியன் என்ற முறையில் யான் அடிக்கடி கேட்கும் வினாவும் இதுவே. ஊருக்கு வரும் பழைய மாணவர் சிலர் தம் மருமக்களுக்கு என்ன வாங்கி வருவதென்று கேட்பதும் இதுவே.

நம் தந்தையர் றலிச் சைக்கிளை வாங்கிய பின்னர், அதன் மணியையும் மிதியையும் கரியரையும் எங்கெங்கோ செய்தவற்றால் மாற்றி மாற்றி முப்பது வருடம் ஓட்டினர். அதனால் ஒரு குறையும் வரவில்லை. பிறேக் கட்டை வாங்கும்போது மாத்திரம் கடைக்காரனை இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டனர். மின்கலப் பிடியிலும் மணி எது, பிறேக் கட்டை எது என்று பிரித்தறிதலே வேண்டற்பாலது.

முதற்கண் இப்பிடியால் உண்மையில் விளையும் பயன் யாதென நோக்குவோம். சீப்பா என்னும் யப்பானியச் சங்கம் வகுத்த அளவுமுறைப்படி, ஒரு தடவை மின்னேற்றிய மின்கலத்தினால் கனொன் 700டி கமெரா ஏறத்தாழ 440 படமும், கனொன் 5டி மார்க் 3 ஏறத்தாழ 950 படமும், நிக்கொன் டி750 ஏறத்தாழ 1,230 படமும் எடுக்கும். காலை முகூர்த்தம் முதல் இரவு வரவேற்பு வரை நீளும் நம்மூர்க் கலியாணம் ஒன்றில் ஈராயிரம் படத்தைத் தாண்டுதல் இயல்பு. பிடியினுள்ளே இரண்டு மின்கலம் வைத்தாலும் 700டி வைத்திருப்பவருக்கு 880 படமே கிடைக்குமாதலின், மாற்று மின்கலம் அவருக்கு எப்படியும் வேண்டும். மின்சக்தி ஒன்றே கருத்தாயின், சட்டைப்பையில் மேலும் இரண்டு மின்கலம் வைத்திருப்பவர் பிடி வாங்கினவருக்கு எவ்வாற்றானுந் தாழ்ந்தவரல்லர். (மேற்சட்டையின்றி வேட்டியோடு நிற்கவேண்டிய கோயிலிலே சட்டைப்பை என்பதே இல்லை. மாற்று மின்கலத்தை வேட்டி மடிப்பிற் செருகிக்கொண்டு வியர்வையோடு போராடுவோரை யான் கண்டதுண்டு. அவர்களுக்குப் பிடி ஒரு வரமே.)

பிடியின் பெரும் பயன் வேறொன்று. தேரும் கோபுரமும் மணக்கோலத்து நிற்கும் பெண்ணும் நெடுக்குவாட்டிலே எடுக்கவேண்டியவை. பிடியில்லாத கமெராவைச் சரித்து நெடுக்காக்கும்போது வலது முழங்கை தலைக்கு மேல் உயர்கின்றது. தேர்முட்டியடியில் நெருக்குஞ் சனத்திடையே அவ்வாறு கையுயர்த்தி ஒரு மணிநேரம் நின்றவர்க்கு அதன் நோவு விளங்கும். மின்கலப் பிடியிலே இரண்டாவது விசைப்பொத்தானும் சுழல்சில்லும் உண்டு. ஆதலின் கை தாழ்ந்தபடியே இருக்க நெடுக்குப்படம் எடுக்கலாம். பாரமான நீண்ட வில்லையைப் பூட்டும்போது கமெரா கையில் நிலைபெற்று நிற்றலும் இதனாற் பெறும் நன்மையே. எனினும், மின்கலங்களுடன் சேர்ந்து இப்பிடி ஏறத்தாழ அரைக் கிலோ நிறையைக் கூட்டும் என்பதையும் மறத்தலாகாது.

பிடி பூட்டினாற் படமெடுக்கும் வேகங் கூடும் என்று பலர் நம்புகின்றனர். இஃது ஓரிரு கமெராக்களுக்கே உண்மை. நிக்கொன் டி700 தனியே வினாடிக்கு 5 படம் எடுப்பது, எம்.பி.-டி10 என்னும் பிடியும் அதனுள்ளே கூடிய வோல்ற்றளவுள்ள மின்கலமுஞ் சேர்ந்தால் 8 படம் எடுக்கும். டி300 அவ்வாறே 6இலிருந்து 8 ஆகும். கனொன் 5டி மார்க் 3 பிடியோடும் பிடியின்றியும் 6 படமே எடுப்பது. ஆகவே, வேகத்தைக் காட்டி விற்பவரிடம் எந்தக் கமெராவுக்கு என்று கேட்டல் நன்று.

இனிப் பிடி பொருந்தும் முறையை அறிதல் அவசியம். பழுதுகள் பெரும்பாலும் அப்பொருத்திலேயே தோன்றுகின்றன. கனொன் கமெராக்களில் மின்கல அறையின் மூடியைக் கழற்றிவிட்டு, பிடியிலிருந்து மேலே நீண்டிருக்கும் தண்டினை அவ்வறையினுட் செலுத்தி, முக்காலிக்குரிய துளையிலே ஒரு திருகாணியால் இறுக்கவேண்டும். கமெராவின் மின்கலம் வெளியே வந்து, இரண்டு மின்கலங்களும் பிடியின் தட்டிலே அமரும். நிக்கொன் டி7000, டி750, டி800 முதலியவற்றில் முறை வேறு. அங்கே உள்ளிருக்கும் மின்கலம் உள்ளேயே இருக்க, அடிப்பாகத்திலுள்ள றப்பர் மூடியின் கீழுள்ள தொடுமுனைகள் வழியாகப் பிடியிலுள்ள இன்னொரு மின்கலம் மின்னூட்டும். இதில் ஒரு சிக்கலுண்டு. பிடி பூட்டியிருக்கையில் உள் மின்கலத்தை மாற்றுதல் இயலாது, பிடியையே கழற்றவேண்டும். ஆதலின், பிடியிலுள்ள மின்கலமே முதலிற் செலவாகுமாறு கமெராவின் பட்டியலில் அமைத்துக்கொள்க. அது தீர்ந்ததும் மாற்றலாம். அவ்வேளையிலும் உள் மின்கலத்தினாற் கமெரா விழித்திருக்கும். கனொனிலோ தட்டினை இழுத்த அளவிலே இரண்டு மின்கலமும் வெளிவந்துவிடும்.

இருவகையிலும் பிடி முழுவதையுந் தாங்குவது ஒரே ஒரு திருகாணி. அதன் புரி தேய்ந்தாலோ, பிடியின் மேற்பரப்பு கமெராவின் அடியோடு செவ்வையாய்ப் படியாவிட்டாலோ, ஆட்டம் உண்டாகும். ஆட்டத்தினால் தொடுமுனை நொடிப்பொழுது விலகினாற் கமெரா அணைந்தெழும். தாய்க்கொம்பனியின் உயர்ந்த பிடிகளிற் பல மக்னீசியக் கலப்புலோக உடலும் ஈரம் புகாத றப்பர் அடைப்பும் உடையன. பிறர் செய்தவை பெரும்பாலும் பிளாஸ்ரிக் உடலின, அடைப்பு இல்லாதன. மாரிகாலத் தூறலிலும், சோளகக் காற்றுப் புழுதியிலும், பருத்தித்துறை, ஊர்காவற்றுறைக் கடலோரத்து உப்புக்காற்றிலும் வேலை செய்பவர் இவ்வேற்றுமையைச் சிந்திக்கவேண்டும். கலியாண மண்டபத்தினுள்ளே வேலை செய்பவருக்கு அது பெரிதன்று.

பிறர் செய்த பிடியைத் தவிர வேறு வழியே இல்லாத கமெராக்களும் உள. நிக்கொன் டி3200, டி5200 முதலிய எளிய வகைகளுக்கும் கனொன் 1100டிக்கும் தாய்க்கொம்பனி பிடியே செய்யவில்லை. பிறர் செய்து விற்கும் பிடியிலே ஒரு குறுங்கம்பி இருக்கும். அதன் முனையைக் கமெராவின் பக்கத்திலுள்ள தொலையியக்கித் துளையிற் செருகினாலே இரண்டாவது விசைப்பொத்தான் வேலைசெய்யும். அப்பொத்தான் படத்தை எடுக்குமேயன்றிச் சுழல்சில்லின் பணிகளை அதனிடம் எதிர்பார்த்தல் கூடாது. நம் மாணவர் கைகளிலுள்ளவை பெரும்பாலும் இத்தகைய கமெராக்களே; வெளிநாட்டிலிருந்து மாமன் சித்தப்பன்மார் தாம் பாவித்த பின் கொடுத்துச் சென்றவை. இன்னொன்று: கனொனும் நிக்கொனும் 2020க்குப் பின்னர் ஆடியமைந்த கமெராக்களிற் புதிய மாதிரி எதனையும் வெளியிடவில்லை. பழைய மாதிரிகளுக்குரிய தாய்க்கொம்பனிப் பிடிகள் கடைகளில் அருகிவிட்டன. பிறர் பாவித்துக் கழித்ததா, பிறர் புதிதாய்ச் செய்ததா என்பதே பலருக்கு எஞ்சியுள்ள தெரிவு. நன்னிலையிலுள்ள பழைய தாய்க்கொம்பனிப் பிடி ஒத்த விலையிற் கிடைக்குமாயின் யான் அதனையே தெரிவேன்.

இதுவரை கூறியவை சைக்கிள் மணியும் மிதியும் போல்வன. குறையிருந்தாலும் சமாளிக்கலாம். பிறேக் கட்டை யாதெனின், பிடியோடு 'இலவசம்' என்று கூறிக் கொடுக்கப்படும் மின்கலங்களே.

கனொன் கொம்பனியின் எல்.பி.-ஈ6 மின்கலத்தை உதாரணமாகக் கொள்வோம். 2008இல் அது வெளிவந்தபோது அதன் கொள்ளளவு 1,800 மில்லியம்பியர்-மணி. 2014இல் அதே பருமனில் 1,865 ஆயிற்று. 2020இல் 2,130 ஆயிற்று. மின்கலத் தொழிலிலே பழுத்த அனுபவமுடைய கொம்பனி, பன்னிரண்டு ஆண்டு முயன்று பெற்ற ஏற்றம் நூற்றுக்குப் பதினெட்டளவே. அங்ஙனமாக, பெயரறியாத ஒருவர் அதே பருமனுள்ள கூட்டிலே 2,600 என்றும் 2,800 என்றும் அச்சிட்டு அரைவிலைக்கு விற்பாராயின், அவ்வெண் எங்கிருந்து வந்ததென்று நாம் வினவ வேண்டாமா? ஐந்தாம் வகுப்புக் கணிதமே இதற்குப் போதும். ஐயுறுவோர் பொற்கொல்லரிடமோ பலசரக்குக் கடையிலோ உள்ள இலத்திரன் தராசிலே மூலமின்கலத்தையும் மற்றையதையும் நிறுத்துப் பார்க்கலாம். பொய்யெண் தாங்கியது பல வேளைகளில் நிறையிலுங் குறைந்திருக்கும்.

கொள்ளளவு குறைதல் ஒரு நட்டம், அவ்வளவே. இலிதியம் மின்கலம் அளவுக்கு மேல் ஏற்றப்படாமலும் இறக்கப்படாமலும் சூடேறாமலும் காக்கும் சிறு சுற்று அதன் கூட்டினுள் அமைந்திருக்கவேண்டும். அச்சுற்றிலே சிக்கனம் பிடித்துச் செய்யப்பட்ட மின்கலம் சித்திரை வெயிலிற் பூட்டிய காரினுள் கிடந்தால் வீங்கும். வீங்கியது பிடியின் தட்டிலே இறுகிக்கொள்ளும், பிடியையுங் கெடுக்கும். வீங்கிய மின்கலத்தைக் குத்தியோ நெம்பியோ எடுக்க முயலுதல் தீப்பற்றச் செய்வதாகும். அன்றியும், புதிய கனொன் கமெராக்கள் மின்கலத்தோடு பேசிப்பார்த்து, மறுமொழி கிடையாவிடின் தொடர்புகொள்ள இயலவில்லையென்று திரையிலே அறிவித்து, பாவிக்கலாமாவென்று வினவும். ஆமென்று விடையளித்து வேலை செய்யலாம். ஆயின், எஞ்சிய மின்சக்தி எவ்வளவென்று கமெரா சரியாய்க் காட்டாது. நிறைந்திருப்பதாகக் காட்டிக்கொண்டேயிருந்து சடுதியாக அணையும். தாலி கட்டும் நேரத்தில் நேரும் ஆபத்து பெரும்பாலும் இவ்வழியாகவே வருவது.

ஈண்டு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. தன் பெயரைத் தானே பொறித்து விற்கும் பிறர் மின்கலம் வேறு. கனொன், நிக்கொன் என்னும் பெயரைக் களவாய்ப் பொறித்து விற்கும் போலி வேறு. முன்னையதிலே தேறத்தக்கனவும் உள. பின்னையதைச் செய்தவன் முதற் பொய்யை வெளியிலேயே எழுதிவைத்தானாதலின், உள்ளே உண்மையிருக்குமென்று நம்புவதற்கு இடமில்லை.

ஏஏ அளவுக் கலங்களை, அதாவது கடையிலே பென்ரோச் பற்றரியென்று கேட்டு வாங்குபவற்றை, இட்டு இயக்குந் தட்டும் பல பிடிகளோடு வருகின்றது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்திலே பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாயிருந்தபோது, சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறையினராகிய நமக்கு இத்தட்டின் அருமை சொல்லாமலே விளங்கும். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாள்தோறும் 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தபோது, மின்னேற்ற வழியின்றித் தவித்த படப்பிடிப்பாளரும் இதனை உணர்ந்திருப்பர். சாதாரண அல்கலைன் கலங்கள் கமெராவின் பெரும் பசிக்கு நெடுநேரந் தாங்கா. மீள மின்னேற்றத்தக்க நிக்கல் வகைக் கலங்கள் ஆறினை வைத்தால், ஒவ்வொன்றும் 1.2 வோல்ற்றாக 7.2 வோல்ற்றுக் கிடைக்கும், எல்.பி.-ஈ6 தருவதும் 7.2 வோல்ற்றே. ஆபத்துக்கு உதவும் இத்தட்டு ஒன்றுக்காகவே பிடியை வாங்கலாமென்பது என் கருத்து.

வாங்குமுன் சோதித்தல் எவ்வாறு? கமெராவைக் கையோடு கொண்டுசென்று கடையிலேயே பூட்டிப் பார்க்கவேண்டும். பெட்டியின் மேலுள்ள மாதிரிப் பெயரை மாத்திரம் நம்பலாகாது. திருகாணியை இறுக்கியபின் இருகையாலும் மெல்லத் திருகுக. கிறீச்சிடுதலும் இடைவெளி தோன்றுதலும் கூடா. கமெரா விழித்திருக்கையிலே பிடியை மாத்திரம் பற்றி இலேசாகக் குலுக்குக; திரை ஒருமுறை இமைத்தாலும் அப்பிடி வேண்டாம். நெடுக்குப் பொத்தானை அரைவாசி அமர்த்தும்போது குவியமும் முழுவதும் அமர்த்தும்போது படமும் வரவேண்டும். மலிந்த சில பிடிகளில் இவ்விரண்டுக்கும் வேறுபாடு தெரியாமல் தொட்டவுடன் படம் விழும். சுழல்சில்லு கமெராவின் சில்லுச் சுழலுந் திசையிலேயே வேலை செய்கின்றதாவென்றும் பார்க்க.

கடையிற் செய்யமுடியாத சோதனை ஒன்றுண்டு. நிறைய மின்னேற்றிய மின்கலங்களை இட்டு, கமெராவை அணைத்து, பிடியோடு ஓர் இரவு வைத்திருந்து, விடிய எடுத்துப் பார்க்கவேண்டும். உள்ளே மின்கசிவுள்ள பிடி கமெரா உறங்கும்போதும் உண்டுகொண்டிருக்கும். இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு முன்னர் மாணவர் ஒருவர் கொணர்ந்த பிடியிலே, மாலையில் நிறைந்திருந்த மின்கலங்கள் காலையிற் பாதியாய் நின்றதை யாம் கண்டோம். விலைகுறைந்த பொருளென்று அதனைத் தூக்கி எறிய அவருக்கு மனமில்லை. படமெடுக்கும் நேரத்துக்குச் சற்று முன் பூட்டி, முடிந்ததுங் கழற்றி வைக்கின்றார். அதுவும் ஒரு வழியே. ஆயினும் இச்சோதனைக்கெனக் கடைக்காரரிடம் இரண்டு மூன்று நாள் தவணை கேட்டுப் பற்றுச்சீட்டிலே எழுதுவித்துக்கொள்ளுதல் மேல்.

புதிதாக வரும் ஆடியில்லாக் கமெராக்களை வைத்திருப்போருக்கு வேறொரு வாய்ப்புண்டு. சொனி ஏ7 மார்க் 3, கனொன் ஆர்6 போன்றவை யு.எஸ்.பி. வழியாக வெளியிலிருந்து மின்சக்தி பெறவல்லன. மேடையின் முன்னே முக்காலியில் நிறுத்தி நிகழ்படம் எடுப்பவருக்கு, தகுதியான பவர் பாங்க் ஒன்று பிடியைக் காட்டிலும் நீண்டநேரம் உதவும். கைத்தொலைபேசிக்கும் அது பயன்படும்.

வெளிநாட்டிலிருந்தோ சென்னை றிச்சித் தெருவிலிருந்தோ இவற்றை வாங்கிவரும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிடியைப் பெரிய பெட்டியிலே வைக்கலாம். தனி மின்கலங்களை வைத்தலாகாது. விமான விதிப்படி மாற்று இலிதியம் மின்கலங்கள் கைப்பொதியிலேயே வரவேண்டும். முனைகள் உலோகத்தில் முட்டாதவாறு மூடப்பட்டிருக்கவும் வேண்டும். ஒவ்வொன்றும் 100 வாற்று-மணிக்கு உட்பட்டதாயின் போதும், எல்.பி.-ஈ6 ஏறத்தாழ 13 வாற்று-மணியே. கொடுப்பதற்கென ஒதுக்கிய பணம் அளவானதாயின், பிறர் செய்த பிடியையும் தாய்க்கொம்பனி மின்கலங்கள் இரண்டையும் வாங்குக. தாய்க்கொம்பனிப் பிடியை வாங்கி அதற்குள்ளே பெயரறியா மின்கலங்களை இட்டுக் கொடுத்தல் தலைகீழான செலவு.

பிடியைப் பூட்டும் கனொன்காரர் கழற்றிய மின்கல மூடியை வீட்டிலே வைத்துவிட்டுச் செல்லுதல் பெருவழக்காயிருக்கின்றது. மண்டபத்திலே பிடி பழுதுபட்டால் அதனைக் கழற்றிவிட்டு ஒரு மின்கலத்தோடு வேலையைத் தொடரலாம். ஆனால் மூடி மூடப்பட்டதை உணருஞ் சிறு சுவிச்சு ஒன்று அவ்வறையிலே உள்ளமையால், மூடியில்லாமற் கமெரா இயங்காது. பல பிடிகளில் அம்மூடியை வைப்பதற்கென்றே தண்டின் பக்கத்தில் ஒரு குழி அமைக்கப்பட்டிருக்கின்றது. பூட்டும்போதே மூடியை அதிற் செருகிவிடுக.